உப்புப் பார்க்காத மாதம்

ஜைபாவுக்கு மூக்கு செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த விஷயம் ஓசூரில் அவளுக்கும் அல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். பொங்கல் லீவில் ஒரு காய்ச்சல் வந்தது. புருஷன் தௌசிப்புக்கு வந்தது, மாமியாருக்கு வந்தது, எல்லாருக்கும் வந்தபடியே போய்விட்டது. இவளிடமிருந்து போகிறபோது மட்டும் வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. மிளகாயின் காரம் நாக்கைச் சுடும், அவ்வளவுதான். மற்றபடி சோறும் குழம்பும் அவளுக்கு ஈரக் காகிதம்.

வீட்டில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். ஹமீதுன்னிசாவின் வீட்டில் நான்கு வருஷம் மருமகளாக இருந்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஹமீதுன்னிசா கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். தன் தம்பி மகளைத் தௌசிப்புக்கு முடிக்க நினைத்திருந்தாள். அவன் சிங்காரப்பேட்டைக்குப் போய் ஜைபாவைப் பார்த்து, இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான். வந்த புதிதில் ஜைபா துணி மடித்தால் தப்பு, தண்ணீர் பிடித்தால் தப்பு, உட்கார்ந்தால் தப்பு, எழுந்தால் தப்பு. பிறகு ஒரு பெருநாள் சமயம் மாமியாருக்கு மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பிரியாணியை ஜைபா செய்தாள். மாமி ஒரு வாய் வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள், "ம்" என்றாள். மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்குள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்படித்தான் அந்த அடுப்படி ஜைபாவுக்கு வந்து சேர்ந்தது.

அங்கேதான் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் தௌசிப், ஷிப்ட் முடிந்து கடுகடுவென்று வருவான். முதல் வாய் உள்ளே போனதும் நெற்றிச் சுருக்கம் விட்டுப்போகும். மாமனார் முனீர் அகமது, மாங்காய் மண்டியில் நாளெல்லாம் கத்திவிட்டு வருகிற மனுஷன், சாப்பிடும்போது தன்னை அறியாமல் முனகுவார். இவள் கதவோரம் நின்று அந்த முகங்களைப் பார்ப்பாள். அதைவிடப் பெரிய சந்தோஷம் எதையும் அவள் வாழ்க்கையிடம் கேட்டதில்லை.

வாசனை தெரியாதவளை அடுப்படியில் யார் விட்டுவைப்பார்கள்? மாமி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாள். இவள் மறுபடி துணியைத் தப்புத் தப்பாக மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டாள்.

முதல் மாதம் பக்கத்து வீட்டு மாதேஸ்வரியை வைத்துச் சமாளித்தாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டுவாள். "அக்கா, இன்னைக்கு வேற மாதிரி செஞ்சிருக்கேன், எப்படி இருக்குதுன்னு பாருங்க." மாதேஸ்வரி நக்கிப் பார்த்து, "உப்பு ஒரு கல்லு தூக்கலு கண்ணு" என்றோ, "புளி பத்தல" என்றோ சொல்வாள். இப்படி ஒரு அக்கம்பக்கம் யாருக்கு அமையும் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குள் நோன்பு மாதம் பிறந்தது. ஜைபாவுக்கு மூச்சு வந்தது. நோன்பு வைத்திருக்கும்போது சமைக்கிறவள் உப்புப் பார்க்க மாட்டாள். நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். ஆனால் ஹமீதுன்னிசா அதையும் செய்ததில்லை. "கைப்பழக்கம் இருக்கிறவளுக்கு நாக்கு என்னாத்துக்கு" என்பாள். அந்த வீட்டில் அதற்கொரு ஏற்பாடு உண்டு. உப்புப் போட்டாகிவிட்டது என்றால் பாத்திரத்தின் மூடி மேல் கரண்டியைக் குறுக்காக வைத்துவிட வேண்டும். இன்னொருத்தி வந்து தெரியாமல் இரண்டாம் தடவை போட்டுவிடக் கூடாது பாருங்கள். ஏதாவது கூடக் குறைய இருந்தாலும், நோன்பு நேரத்துச் சமையல் அப்படித்தான் என்று எல்லாரும் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். மாதேஸ்வரிக்குத்தான் நோன்பு இல்லையே, அவள் பாட்டுக்குச் சுவருக்கு மேலே கிண்ணத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இன்று மாதேஸ்வரி வீட்டில் பூட்டுத் தொங்கியது. தொரப்பள்ளியில் தங்கச்சி குழந்தைக்குக் காது குத்து என்று போயிருந்தாள். பார்த்துப் பார்த்து இன்றைக்குத்தான் தௌசிப் தன் லைன் ஆட்களை நோன்பு திறக்கக் கூட்டி வருகிறான். வருஷத்தில் ஒரு நாள் அப்படிக் கூட்டி வருவது வழக்கம். போன வருஷம் சாப்பிட்டுப் போனவர்கள் வருஷம் முழுக்க அந்தப் பிரியாணியைப் பேசிப் பேசி அவனை ஒரு பெரிய மனுஷனாக்கி வைத்திருந்தார்கள்.

சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மாமி முன்னறையில் தொழுதுகொண்டிருந்தாள். கறியும் மசாலாவும் வெந்து பெரிய தேக்சாவில் இறக்கி வைத்தாகிவிட்டது. அடுப்பில் ஒரு பக்கம் அரிசிக்கு உலை, இன்னொரு பக்கம் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தால்சா. உலை கொதி வந்ததா என்று மூடியைத் தூக்கிப் பார்த்த நேரம், இரண்டு தீயும் சேர்ந்தாற்போல் சுருங்கி அணைந்தன. சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

சிலிண்டர் மாற்றுவது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. உலை இருந்த பக்கத்துத் திருகை மூடினாள். மூலையிலிருந்த புது சிலிண்டரை உருட்டி வந்து, ரெகுலேட்டரைப் பொருத்தித் திறந்துவிட்டாள். தால்சா பக்கத்துத் திருகை மூட மறந்துபோனாள். தீதான் இல்லையே, திறந்திருப்பது எப்படித் தெரியும்? மற்றவர்களுக்கு மூக்கு சொல்லிவிடும். கொல்லையில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இரைந்துகொண்டிருந்ததால் காதும் உதவவில்லை.

அவளுக்கு வேறொரு கவலை வந்து மண்டையில் ஏறியிருந்தது. உலைக்கு உப்புப் போட்டோமா?

கரண்டி இப்போது தால்சா மூடி மேல் கிடந்தது. உலையைத் திறந்து பார்க்கும்போது அந்த மூடி மேலிருந்து எடுத்து இங்கே போட்டோமா, அல்லது மேடையில் சும்மா கிடந்ததை எடுத்துப் போட்டோமா? எவ்வளவு யோசித்தும் கை மட்டும்தான் ஞாபகம் வந்தது, எங்கிருந்து எடுத்தது என்பது வரவில்லை. இரண்டாம் தடவை போட்டால் சோறு வாயில் வைக்க முடியாது. போடாமல் விட்டால் சப்பென்று போகும், தம் போட்ட பிறகு சரி செய்யவும் முடியாது. ஒரு விரலை உலைத் தண்ணீரில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். சுட்டது. சுட்டதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மாமியைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்லலாம். ஏன், உன் நாக்குக்கு என்ன என்று கேட்பாள். தெருவில் யாரையாவது கூப்பிடலாம். அந்தத் தெருவில் அந்நேரம் நோன்பு இல்லாத ஒரே வீடு பூட்டிக் கிடக்கிறது. நன்றாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. தௌசிப்தான்.

"பஸ் ஏறிட்டோம். இந்தப் பிரகாஷு மத்தியானம் கேன்டீன் பக்கமே போகல, சிஸ்டர் பிரியாணிக்கு எடம் வேணும்ங்கிறான். ரெடியா?"

"தம் போடப் போறேன். வாங்க" என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது.

போனை வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். வழக்கமாகப் போடுவதில் பாதி. இருந்தால் கொஞ்சம் கரிக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், நோன்பு மேல் பழியைப் போட்டுவிடலாம். உப்பை அள்ளி இடது கையில் வைத்துக்கொண்டாள். முதலில் அடுப்பைப் பற்ற வைப்போம் என்று வலது கையால் லைட்டரை எடுத்தாள்.

"ஜைபா."

மாமி வாசற்படியில் நின்றிருந்தாள். தொழுகைத் துணி தலையில் அப்படியே இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கண் இரண்டும் லைட்டர் மேல் இருந்தது.

"அதக் கீழ வை. அமுத்தாத. மெதுவா வை."

ஜைபாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் வைத்தாள். மாமி உள்ளே வந்து ரெகுலேட்டரை மூடினாள், திருகை மூடினாள், ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். ஜைபா பழக்கத்தில் எக்ஸாஸ்ட் பேனுக்குக் கையை நீட்டியதும், "சுச்சத் தொடாத" என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து நிறுத்தினாள். உப்பு வழியெல்லாம் கொட்டியது.

மோட்டார் இரைந்தது. தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்திருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"முன்னறை வரைக்கும் அடிக்குது. நான் தொழுது சலாம் கொடுக்கிறதுக்குள்ள நெஞ்ச அடைக்குது. உனக்கு வாடை தெரியல?"

ஜைபா உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினாள்.

"கேக்குறேன்ல. தெரியலயா?"

"தெரியாது மாமி."

"தெரியாதுன்னா?"

"எதுவுமே தெரியாது. காய்ச்சல் வந்ததுல இருந்து. வாடையும் தெரியாது, ருசியும் தெரியாது."

ஹமீதுன்னிசா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பொங்கலிலிருந்து இன்றுவரை அந்த அடுப்படியில் நடந்த ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இந்த வீட்ல நாலு உசுரு இருக்குதுடி" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜைபாவுக்குத் தேவலாம் போலிருந்தது. "நீ இப்ப அத அமுக்கியிருந்தா நானும் இல்ல, நீயும் இல்ல. எம் புள்ள வந்து எத அள்ளுவான்? வாய்ல என்ன வச்சிருந்த இத்தன நாளு?"

"சொன்னா நீங்க என்ன அடுப்படிக்குள்ள விட மாட்டீங்கன்னு."

"ஆமா, விட மாட்டேன். இனிமே நீ உள்ள வராத. இங்கயே நில்லு."

எந்த வார்த்தைக்குப் பயந்து இரண்டு மாதமாகத் திருட்டுத்தனம் செய்தாளோ, அது கேட்டாகிவிட்டது. ஜைபா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

உள்ளே வாடை போகும்வரை காத்திருந்துவிட்டு மாமி அடுப்பைப் பற்ற வைத்தாள். உலை மறுபடி சூடேறியது. கொல்லை வாசலிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். ஜைபா பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் போனது.

"உலைக்கு உப்புப் போட்டியா இல்லையா?" உள்ளிருந்து கேள்வி வந்தது.

"ஞாபகம் இல்ல மாமி."

ஹமீதுன்னிசா விவரம் தெரிந்த நாள் முதலாக நோன்பில் எதையும் நாக்கில் வைத்ததில்லை, அதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு. ஜைபா பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுண்டுவிரலை உலையில் தொட்டாள். நாக்கு நுனியில் வைத்தாள். கொல்லை வாசலுக்கு வந்து மூன்று தடவை துப்பினாள். வாயைக் கொப்பளித்து அதையும் துப்பினாள்.

"போட்டிருக்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அரிசியைப் போட்டாள். தால்சாவைப் பார்த்தாள், மூடி மேல் கரண்டி குறுக்காகக் கிடந்தது. சரி என்று புளியை மட்டும் கரைத்து ஊற்றிக் கிண்டினாள். ஜைபாவின் பார்வை அரிசியை விட்டு நகரவில்லை. நுரை மேலே வந்து அடங்கிவிட்டது. சீரகச் சம்பா நொடியில் குழைந்துவிடும்.

"மாமி, அரிசிய வடிச்சிடுங்க."

"எனக்குத் தெரியும்."

தெரிந்தென்ன, அன்றைக்கு வீங்கின மணிக்கட்டு இன்னமும் அந்தப் பானையைத் தூக்கவிடவில்லை. ஒரு தடவை பிடித்துப் பார்த்து வைத்தாள். துணியை மாற்றிப் பிடித்துத் தூக்கினாள், சுடுதண்ணீர் தளும்பிக் காலடியில் கொட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர்களின் ஆட்டோ வாசலில் நிற்கிற சத்தம். பாங்குக்கு அதிக நேரமில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து ஒரு பக்கம் புடி."

ஜைபா ஓடினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வடித்தார்கள், கறியின் மேல் சோற்றைப் பரப்பினார்கள், மூடி போட்டு மேலே கொதிதண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றினார்கள். தீயை எவ்வளவு குறைப்பது என்று ஜைபா குனிந்து பார்த்தபோது மாமி அவளை விலகச் சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை.

முன்னறையில் ஜமக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முனீர் அகமது பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார்கள். லைன் ஆட்களில் பிரகாஷும் ஹரீஷ்குமாரும் நோன்பு வைக்காவிட்டாலும் அதுவரை கை வைக்காமல் காத்திருந்தது பார்க்க நன்றாக இருந்தது. மஃரிப் தொழுகை முடிந்து வந்து பிரியாணி பரிமாறினான் தௌசிப். ஜைபா கதவோரம் நின்றாள். முதல் வாய்க்குத் தௌசிப்பின் நெற்றியைப் பார்த்தாள். சுருக்கம் விட்டுப்போனது. அதைப் பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இது கடைசித் தடவையோ என்றுதான் தோன்றியது.

"சிஸ்டர், பிரியாணி போன வருசத்துக்கு ஒரு படி மேலதான்" என்றான் பிரகாஷ். பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க, தால்சாவுக்கு மட்டும் கொஞ்சம் உப்புக் கெடைக்குமா?"

தௌசிப் தால்சாவைத் தொட்டு நாக்கில் வைத்தான். "ஒரு கல்லு உப்புக்கூட இல்லயே" என்று நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். நாலு பேர் முன்னால் மானம் போகிறதே என்ற பார்வை.

ஜைபாவுக்குக் கரண்டி ஞாபகம் வந்தது. உலை மூடி மேலிருந்து எடுத்து அவள் தால்சா மேல் போட்ட கரண்டி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். இரண்டு மாதத்தையும் சேர்த்து இங்கேயே கொட்டிவிட வேண்டியதுதான்.

"தால்சா நான் செஞ்சது" என்றாள் ஹமீதுன்னிசா, அவளுக்குப் பின்னாலிருந்து. "வயசாச்சு, மறந்துட்டேன். இந்தா, உப்பு. பிரியாணிதான் அவ கையி."

முனீர் அகமது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் தப்பென்று ஒன்றை ஒப்புக்கொண்டு அவர் கேட்டதில்லை.

வந்தவர்கள் கிளம்பினார்கள், ஆண்கள் ராத்திரித் தராவீஹ் தொழுகைக்குப் போனார்கள். பெண்கள் இரண்டு பேரும் அடுப்படியில் தட்டு வைத்து உட்கார்ந்தார்கள். ஜைபா பிசைந்தாள், வாயில் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். மாமி தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் தொழுதுட்டு வந்ததும் நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். திங்கக்கெழம காது மூக்கு டாக்டருகிட்டப் போறோம்."

"சரிங்க மாமி."

"அடுப்பப் பத்த வைக்கிறதும் அணைக்கிறதும் இனிமே நான்தான். நான் இல்லாம நீ லைட்டரத் தொடக் கூடாது."

"சரிங்க மாமி" என்றவள் கை அப்படியே நின்றது. அடுப்படிக்குள் வராதே என்ற பேச்சு எங்கே போனது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"இப்ப திங்கிறியே, என்ன தெரியுது உனக்கு?"

"ஒண்ணும் தெரியல."

"சுத்தமாவா?"

"சூடு தெரியும். காரம் கொஞ்சம் தெரியும். பசிக்குதேன்னு திங்கிறேன் மாமி. அப்புறம் உங்க மூஞ்சிங்களப் பாத்து நல்லாத்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்குவேன்."

கேஸ் விஷயத்தில் ஹமீதுன்னிசாவுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை, அது அடங்க நாளாகும். ஆனால் இப்போது வேறொன்று அந்தக் கோபத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. இத்தனை நாளும் இந்தப் பெண் ஆக்கிப் போட்டதை இரண்டு தடவை மூன்று தடவை வாங்கித் தின்றிருக்கிறோம். இவள் வாய்க்கு என்ன கிடைத்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

தன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"பட்டை மொதல்ல வருது" என்றாள். "கொஞ்சமாத்தான். அப்புறம் புதினா. கறி நல்லா வெந்திருக்குது, பல்லுக்கு வேலையில்ல. புளிப்பு தயிரோடதுதான், தக்காளி அவ்வளவு தெரியல. நெய் கடைசியில நாக்குல நிக்குது."

ஜைபா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நல்லாருக்குதா மாமி?"

இந்த நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்கத் துணியாத கேள்வி அது.

"மொத நாள்ல இருந்தே நல்லாத்தான் இருக்குது" என்றாள் ஹமீதுன்னிசா, தட்டைப் பார்த்தபடி.

ஜைபா முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எலும்போடு ஒட்டிய கறியைப் பிய்த்து, மசாலா அப்பின சோறாகப் பார்த்து எடுத்து, மாமியின் தட்டில் வைத்தாள். அதே மாதிரி ஒரு கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இது?" என்று கேட்டுவிட்டு, மெல்லாமல் காத்திருந்தாள்.